யார் கையில் துப்பாக்கி? யார் கொல்லையில் காவல்?

ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் எல்லை தாண்டி ஜவளகிரிக்குள் இறங்குகின்றன. அங்கிருந்து தளி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போகின்றன. காட்டுப்பன்றிக்குப் பருவமே இல்லை. ராகி, சோளம், நிலக்கடலை, தக்காளி, எது விளைந்தாலும் ஒரே இரவில் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் விவசாயிகள் கூடும் இடங்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப எழுவது இதனால்தான்: பன்றியைச் சுட அனுமதி கொடுங்கள், துப்பாக்கி உரிமத்தை எளிதாக்குங்கள், தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து கட்டச் சொல்லாதீர்கள்.

முற்போக்கு பேசும் நாம் இந்தக் கோரிக்கையை இரண்டு விதமாக எதிர்கொள்கிறோம். 'விவசாயி' என்ற சொல் காதில் விழுந்ததும் யோசிக்காமல் தலையாட்டுகிறோம். அல்லது 'துப்பாக்கி' என்ற சொல் விழுந்ததும் காதைப் பொத்திக்கொள்கிறோம். இரண்டு இடத்திலும் கேட்கப்படாமல் போவது ஒரே கேள்வி: எந்த விவசாயி?

நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது. இரவில் பரண் மேல் தகரத்தையும் தீப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு விழித்திருப்பவர் பல இடங்களில் வேறொருவர். அவர் குத்தகைக்கு உழுபவராக இருக்கலாம், கூலிக்குக் காவல் இருப்பவராக இருக்கலாம், அரை ஏக்கரைத் தானே காத்துக்கொள்ளும் தலித் விவசாயியாக இருக்கலாம், மலையடிவாரத்து இருளராக இருக்கலாம். யானை மிதித்தால் சாகிறவர் இவர். நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டால் சிறைக்குப் போகிறவரும் இவர். துப்பாக்கி உரிமம் பற்றிய விவாதத்தில் வாய் திறக்க அழைக்கப்படாதவரும் இவர்தான்.

சட்டம் போட்ட ஏணி

1857-க்குப் பிறகு இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த வெள்ளை அரசு, 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று அரசு பிரித்துப் பார்த்த சட்டம் அது. விடுதலைக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் நம்பிக்கைக்குரியவர், நம்பிக்கைக்கு உரியவர் அல்லாதவர் என்று பிரிக்கும் அதிகாரத்தை அதிகாரியின் மேசையிலேயே விட்டுவைத்தது.

அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறது. பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படுகிறவருக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கிக்குத் தரலாம். கைத்துப்பாக்கி இந்த ஏணியின் உச்சியில் இருக்கிறது. பிஸ்டலோ ரிவால்வரோ வேண்டுமென்றால் 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரி மனநிறைவு அடைய வேண்டும். கைத்துப்பாக்கி மீதான கட்டுப்பாடு விவசாயியை வதைக்கிறது என்று யாராவது சொன்னால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பன்றியை விரட்ட இடுப்பில் செருகும் ரிவால்வர் எதற்கு? பயிருக்கான துப்பாக்கியைச் சட்டம் தனியாகவே வைத்திருக்கிறது. கைத்துப்பாக்கி மனிதர்களை நோக்கி நீட்டுவதற்கான பொருள்.

இதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத வரி ஒன்றும் இருக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. தாளில் அப்படி. ஆனால் விண்ணப்பம் போனதும் அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்படுகிறது. விண்ணப்பித்தவர் எப்படிப்பட்டவர், ஊரில் பகை உண்டா, பொது அமைதிக்குக் குந்தகம் வருமா என்றெல்லாம் அந்த அறிக்கை சொல்ல வேண்டும். ஊரில் யாரிடம் விசாரிப்பார்கள்? யார் சொல்வது காவல் நிலையத்தில் எடுபடும்? தேநீர்க் கடையில் சமமாக உட்கார முடியாத ஒருவருக்கு ஊர்ப் பெரிய மனிதர் நற்சான்று கொடுப்பார் என்று நம்புகிற அளவுக்கு நாம் ஊரை அறியாதவர்கள் இல்லை. சேரிக்காரர் உரிமம் கேட்டால் 'அமைதிக்குக் குந்தகம்'. ஊர்க்காரர் கேட்டால் 'சொத்துப் பாதுகாப்பு'. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் சாதி வேலை செய்கிறது. தெலுங்கு பேசினாலும் கன்னடம் பேசினாலும் தமிழ் பேசினாலும், இந்த எல்லைப் பகுதியில் அது ஒரே மொழியில்தான் பேசுகிறது.

உரிமம் இல்லாதவரின் துப்பாக்கி

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயம் வந்தது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தின் பெரும்பகுதி இவற்றுக்கு உள்ளேயோ அருகிலோ இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் தர முடியாது. விலங்குகள் அதிகம் வரும் இடத்தில்தான் உரிமம் கிடைப்பது மிகக் கடினம். காட்டின் நோக்கில் இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. வேட்டையைத் தடுக்க வேறு வழியில்லை.

ஆனால் கட்டுப்பாட்டை மட்டும் வைத்துவிட்டு, பயிர் காக்கும் பொறுப்பை அரசு ஏற்காதபோது என்ன நடக்கிறது? கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி வருகிறது. அவுட்டுக்காய் வருகிறது. திருட்டு மின்வேலி வருகிறது. 2023 மார்ச்சில் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே, கொல்லையைச் சுற்றிப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றி வந்த காட்சியை நாடே பார்த்தது. இன்னொரு நாள் அதே போன்ற கம்பியில் விடியற்காலை வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளி சிக்குகிறார். அந்தச் சாவு ஒரு நாள் செய்தியாகி முடிந்துவிடுகிறது.

நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று வனத்துறையும் காவல்துறையும் இந்த மாவட்டத்து மலைக் கிராமங்களில் அறிவித்திருக்கின்றன. துப்பாக்கிகள் வரவும் செய்தன. பெயர் சொல்லாமல் ஊருக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஏன் முகம் காட்ட அஞ்சுகிறார்கள்? வீரப்பன் தேடுதல் காலம் இந்த மலைகளுக்கு மறக்கவில்லை. அதிரடிப்படையின் அத்துமீறல்களை சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. துப்பாக்கி என்ற சொல்லோடு தன் பெயர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது காட்டோரத்து மனிதருக்குப் பாடப்புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இல்லை.

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். அதை ஒன்றாகக் குறைப்பதாகத்தான் மசோதா முதலில் வந்தது. எதிர்ப்பு வந்ததும் அரசு இறங்கி வந்து இரண்டு என்று மாற்றிக்கொண்டது. உரிமம் உள்ளவருக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஆள் இருந்தார்கள். அதே திருத்தம் உரிமம் இல்லாத துப்பாக்கிக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. அதைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்று வைத்திருந்தவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஓட்டைத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தவர் இன்னும் நீண்ட சிறைக்குப் போனார்.

சிப்காட் நிலமும் இடுப்புத் துப்பாக்கியும்

ஓசூர் இன்று வெறும் விவசாய வட்டாரம் இல்லை. லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர். 2019-ல் மாநகராட்சி ஆனது. பெங்களூரு அத்திப்பள்ளியைத் தாண்டி வழிந்து இங்கே வந்துகொண்டிருக்கிறது. சூளகிரி, பாகலூர், பேரிகை பக்கம் ராகி விளைந்த நிலம் மனைக்கல் நட்ட நிலமாக மாறுகிறது. கிரானைட் பாறைக்கு விலை இருக்கிறது. நிலத்தின் விலை ஏற ஏற, நிலத்துக்கான துப்பாக்கியின் பொருளும் மாறிவிடுகிறது. உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் 'விவசாயி' என்று எழுதுகிறவர் நில வணிகராக இருக்கலாம், குவாரி நடத்துகிறவராக இருக்கலாம். அவருக்குப் பன்றி பிரச்சினை கிடையாது.

இந்த மண்ணில் கைத்துப்பாக்கி என்ன செய்திருக்கிறது? 2012 ஜூலையில் பெரியார் திராவிடர் கழகத்தின் மாவட்ட அமைப்பாளர் தோழர் பழனி துப்பாக்கியால் சுடப்பட்டு, வெட்டிக் கொல்லப்பட்டார். இந்தப் பகுதியில் இயக்க வேலை செய்பவர்கள் அந்தச் சாவை இன்னும் சுமக்கிறார்கள். 2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில் நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் புகுந்த கும்பல், ஊழியர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்திச் சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டார்கள். உரிமம் எளிதாகக் கிடைத்தால் இப்படிப்பட்ட குற்றங்களிலிருந்து தற்காத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. சரி, யாரால் முடியும்?

பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. டெல்லியில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பெண்ணின் நினைவாக வைத்த பெயர் அது. விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். இன்று ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் விடுதிகளில் தங்கி மின்னணு ஆலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பல மாதச் சம்பளத்தை ஒரு ரிவால்வருக்குக் கொடுக்க முடியும்? இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு வேண்டியது தெருவிளக்கு, பேருந்து, புகாரை வாங்கும் காவல் நிலையம். பாதுகாப்பைத் துப்பாக்கியாகக் கொடுத்தால் அது வாங்க முடிந்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு.

எல்லைக்கு அந்தப் பக்கம்

உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22,500. பக்கத்தில் கர்நாடகத்தில் சுமார் 1.13 லட்சம். மக்கள்தொகை நம்மைவிடக் குறைந்த மாநிலத்தில் ஐந்து மடங்கு உரிமம். அதனால் அங்கே உழுகிறவர் ஐந்து மடங்கு நிம்மதியாகத் தூங்குகிறாரா? யானை அந்தப் பக்கத்துக் கொல்லையையும் மேய்ந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது.

கர்நாடகத்தின் குடகு நமக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 1861-லிருந்து அங்கே குடவர் இனத்தில் பிறந்தவர்களுக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு இருக்கிறது. வெள்ளையர் கொடுத்த விலக்கை இந்திய அரசும் தொடர்கிறது. கடைசியாக 2029 வரை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போன வழக்கை 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறப்பும் நிலமும் சேர்ந்தால் துப்பாக்கிக்குத் தாள் தேவையில்லை. அதே குடகின் காப்பித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் எரவர்களும் ஜேனு குறும்பர்களும் யானைக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அங்கே வெளிப்படையாக எழுதி வைத்திருப்பதை மற்ற இடங்களில் காவல் நிலைய அறிக்கை சத்தமில்லாமல் செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மறந்துபோன விதி

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-ல் விதிகள் வகுக்கப்பட்டன. அதன் 3-ஆவது விதியை இளம் தோழர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரைக்கும் அந்த விதி கை நீட்டுகிறது. சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்ற வேண்டும். அதோடு, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவைப்பட்டால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கிற விதி இது. இதை எழுதியவர்களுக்கு ஊரின் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்திருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டவர்களை நோக்கி நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சூட்டுக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒதுங்கியவர்கள்தான் எரிக்கப்பட்ட 44 பேர். பீகாரின் லட்சுமண்பூர் பாதேவில் 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது 58 பேரை. இரண்டு வழக்கிலும் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இரண்டு இடத்திலும் துப்பாக்கி ஏந்தி வந்தவர்கள் விவசாயிகள் என்றே அழைக்கப்பட்டார்கள். வெண்மணியில் அவர்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பெயரே இருந்தது.

தமிழ்நாட்டில் வன்கொடுமை நிகழக்கூடிய கிராமங்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது. யாரிடம் துப்பாக்கி உரிமம் இருக்கிறது என்ற பதிவேடு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

அப்படியானால் சேரிக்குத் துப்பாக்கி கேட்க வேண்டுமா? இளம் தோழர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான். 1936-ல் 'சாதி ஒழிப்பு' எழுதிய அம்பேத்கர், ஒடுக்கப்பட்டோர் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்குச் சொன்ன காரணங்களில் ஆயுதம் மறுக்கப்பட்டதும் ஒன்று. கல்வியும் ஆயுதமும் சொத்தும் ஒருசேரப் பறிக்கப்பட்டதை அவர் சுட்டிக்காட்டினார். எனவே 3-ஆவது விதி தரும் உரிமையை நாம் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. மிரட்டலுக்கு நடுவில் வாழும் ஒரு குடும்பம் அதைக் கேட்டால், 'உனக்கெதற்குத் துப்பாக்கி' என்று சொல்லும் தகுதி நம்மில் யாருக்கும் இல்லை.

ஆனால் துப்பாக்கியைப் பரப்புவது வழி என்று நினைத்தால் அமெரிக்காவைப் பாருங்கள். ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று அரசியலமைப்பிலேயே எழுதிய நாடு. 1967-ல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்தி, போலீசின் அட்டூழியத்தைக் கண்காணிக்கத் தெருவில் இறங்கினார்கள். உடனே பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன். வெள்ளையர் கையில் உரிமையாக இருந்தது, கறுப்பர் கைக்கு வந்ததும் ஆபத்தாகிவிட்டது. ஊர்த் தெருவில் பத்துத் துப்பாக்கி இருந்தால் அது பழக்கம். சேரியில் ஒன்று இருந்தால் விடியற்காலையில் தேடுதல் வேட்டை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள், நிலமும் காவல் நிலையமும் தங்கள் பக்கம் இல்லாதவர்கள், ஆயுதப் போட்டியில் ஒருநாளும் வெல்வதில்லை.

இந்த மாவட்டத்தின் சாதிக் கொலைகளே இதற்குச் சாட்சி. 2018 நவம்பரில் ஓசூர் அருகிலிருந்து கடத்தப்பட்ட சாதி மறுப்புத் தம்பதி, கர்நாடகத்தில் காவிரியில் பிணமாக மிதந்தார்கள். 2023 ஏப்ரலில் ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணை மணந்த மகனைத் தந்தையே வெட்டிக் கொன்றார். தடுத்த பாட்டியும் கொல்லப்பட்டார். அந்தப் பெண் வெட்டுக்காயங்களோடு உயிர் பிழைத்தார். எதிலும் துப்பாக்கி இல்லை. அரிவாளும் ஆறும் போதுமானதாக இருந்தன. கையில் இவ்வளவு வெறி இருக்கிற ஊரில், அதே கையில் ரிவால்வரும் எளிதாகக் கிடைத்திருந்தால் அந்தப் பெண் உயிரோடு தப்பியிருப்பாரா? தமிழ்நாட்டில் துப்பாக்கி அரிதாக இருப்பது நம் மக்களுக்குக் கிடைத்திருக்கும் சிறிய பாதுகாப்பு. 'விவசாயி நலன்' என்ற பெயரில் அதை இழந்துவிடக் கூடாது.

பன்றிக்கு என்ன பதில்?

விவசாயியின் வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. கடன் வாங்கி நட்ட தக்காளியை விடிவதற்குள் இழந்தவருக்குச் சமூகநீதிக் கட்டுரை சோறு போடாது. ஆனால் துப்பாக்கி அவருக்கும் பதிலாகவில்லை. யானையைச் சுட முடியாது, சுடவும் கூடாது. பன்றியைப் பொறுத்தவரை இரண்டு மாநிலங்கள் இரண்டு வழிகளை எடுத்திருக்கின்றன. கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தியது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தது வேறு: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

விவசாயச் சங்கங்கள் பலவற்றுக்கு இதில் திருப்தியில்லை. தூரத்தை அளந்துகொண்டா பன்றி வரும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனாலும் துப்பாக்கி அரசு ஊழியர் கையில், கணக்கோடு, பொறுப்போடு இருக்க வேண்டும் என்ற அடிப்படை சரியானது. கேரள வழியில் துப்பாக்கி உரிமம் ஊருக்குள் புதிய அதிகாரமாகும். நம் ஊர்களில் அந்த அதிகாரம் எந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியும். தலித் ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்கார விடாத ஊர்களும் இந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே நம் கோரிக்கைகளை உரிமத்தைச் சுற்றி வைக்காமல், கொல்லையில் நிற்பவரைச் சுற்றி வைப்போம்.

முதலாவது, பயிர் இழப்பீடு பட்டாவைப் பார்த்து வருகிறது. கிராம நிர்வாக அலுவலர் கேட்பது சிட்டாவும் அடங்கலும். குத்தகைக்கு உழுகிறவரிடம் அவர் பெயரில் தாள் இல்லை. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய் அந்தப் பதிவைச் செய்யட்டும். பயிர் போனால் பணம் உழுதவருக்குப் போகட்டும்.

இரண்டாவது, இரவுக்காவல் ஒரு வேலை. அதற்குக் கூலி, காப்பீடு, விளக்கு, காலணி, யானை வரும் தகவல் கைப்பேசிக்கு முன்கூட்டியே வரும் ஏற்பாடு, எல்லாம் வேண்டும். ஜவளகிரி பக்கம் வனத்துறை போட்ட இரும்பு வடக் கம்பி வேலியைப் போன்றவை, பெரிய தோட்டங்களின் ஓரத்தோடு நின்றுவிடாமல் சேரிகளையும் இருளர் குடியிருப்புகளையும் ஒட்டிய நிலங்களுக்கும் வர வேண்டும்.

மூன்றாவது, நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைப்பவருக்கு வழக்கு இல்லை என்ற வாக்குறுதி எழுத்தில், நிரந்தரமாக இருக்க வேண்டும். ஒப்படைக்கும் குடும்பத்தின் கொல்லைக்கு வேலி முதலில் வர வேண்டும். முதலாளி கொடுத்த துப்பாக்கியோடு காவலாள் பிடிபட்டால், வழக்கு முதலாளியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது, கைத்துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, எந்தக் காரணத்துக்காக, எந்தச் சமூகப் பிரிவினருக்கு வழங்கப்பட்டன என்பதை, பெயர்களை வெளியிடாமல், மாவட்ட வாரியாக அரசு வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட 10 ரூபாய்தான் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இதைக் கேட்பதிலிருந்து நம் வாசகர்கள் தொடங்கலாம். அதே விண்ணப்பத்தில் இரண்டாவது கேள்வியாக இதைச் சேருங்கள்: 1995 விதிகளின் 3-ஆவது விதிப்படி இதுவரை ரத்து செய்யப்பட்ட உரிமங்கள் எத்தனை, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கப்பட்டவை எத்தனை?

பதில் வரும்வரை, 'விவசாயிக்குத் துப்பாக்கி கொடு' என்று எந்த மேடையில் யார் கேட்டாலும் நாம் எழுந்து ஒரு கேள்வி கேட்போம். ஐயா, நேற்று இரவு உங்கள் கொல்லையில் காவல் இருந்தது யார்? அவர் பெயரில் எத்தனை சென்ட் நிலம் இருக்கிறது?